மாதம் 5,000 ரூபாயில் ஒரு கம்ப்யூட்டர்

டெல்லி ஆர்.கே. புரத்தில் என் அக்கா வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கும் எல்.ஐ.சி. பத்திரங்களுக்கும் நடுவே, ஐந்து மாதம் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ஒரு மதர்போர்டு. வாங்கி வைத்தவன் அக்காவின் மகன்.

அவன் அப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு. காலனியில் ஆறு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்து மாதம் 5,000 ரூபாய் சம்பாதித்துக்கொண்டிருந்தான். நல்ல கேம் கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்தே அவனுக்கு ஆசை. அத்தான் மத்திய அரசு அலுவலர். "படிப்புக்கு என்றால் கடன் வாங்கியாவது கொடுப்பேன். துப்பாக்கி சுடுகிற விளையாட்டுக்கு என் சம்பளத்திலிருந்து ஒரு பைசா கிடையாது" என்று சொல்லிவிட்டார். பையனும் வாக்குவாதம் செய்யவில்லை. மாதாமாதம் ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்து, ஒரு நாள் எல்லாவற்றையும் பூட்டிவிடுவதாக முடிவு செய்தான்.

டியூஷன் ஆரம்பித்தது 2023 ஜூலையில். ஆகஸ்ட் கடைசியில், கைக்கு வந்த முதல் 10,000 ரூபாயில் 9,400க்கு மதர்போர்டு வாங்கினான். செப்டம்பரில் 3,600க்கு கேபினட். அக்டோபரில் 4,200க்கு எஸ்.எம்.பி.எஸ். என்கிற மின்சாரப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் போர்டை வெளியே எடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். நண்பர்கள் வந்தால் காட்டுவான். பிறகு பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துவிடுவான். கல்யாணத்துக்கு வாங்கிய நகையை வீட்டுப் பெண்கள் எடுத்துப் பார்ப்பது போலத்தான்.

2024 ஜனவரி கடைசி சனிக்கிழமை. சிப், ரேம், எஸ்.எஸ்.டி. மூன்றுக்கும் சேர்த்து 17,800 ரூபாய் சேர்ந்துவிட்டது. துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு நேரு பிளேஸ் போனான். கடைக்காரர் போர்டின் நடுவே இருந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிப் உட்காரும் இடத்தில் பட்டு நூல் கனத்தில் 1,700 ஊசிகள். அவற்றில் இரண்டு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன.

போர்டு வாங்கிய கடை பக்கத்துக் கட்டடத்தில்தான். அங்கே போனோம். "வாங்கி ஏழு நாளுக்குள் வந்திருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பேன், பாய் சாப்" என்றார். கம்பெனி சர்வீஸ் சென்டரில், ஊசி வளைந்தால் அது அடிபட்ட சரக்கு, வாரண்டியில் சேராது என்றார்கள். மூன்று வருட வாரண்டி என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்தது. அதன் நிபந்தனைகள் பொடி எழுத்தில் இருந்தன. பூதக்கண்ணாடியும் இடுக்கியுமாக உட்கார்ந்திருந்த ரிப்பேர்க்காரர் ஒருவர் அரை மணி நேரம் முயன்றார். ஊசி நிமிர்ந்தது. போர்டு உயிர் பெறவில்லை.

வரும்போதே ஊசி வளைந்திருந்ததா, ஞாயிற்றுக்கிழமை தரிசனங்களில் ஏதோ ஒன்றில் வளைந்ததா, இன்று வரை தெரியாது. அவனுக்கும் தெரியாது. மெட்ரோவில் திரும்பும்போது மடியில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு, "மாமா, ரெண்டு மாச டியூஷன்" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

இந்தக் கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு, கொல்கத்தா சாந்தினி சவுக், செகந்திராபாத் செனாய் டிரேட் சென்டர் என்று எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும், இந்தப் பையனைப் போலவே மாதம் ஒரு பாகமாக வாங்கிச் சேர்ப்பவர்களைப் பார்க்கலாம். நம் வீடுகளில் எல்லாமே அப்படித்தானே? மனையை ஒரு வருஷம் வாங்குகிறோம். அஸ்திவாரம் இன்னொரு வருஷம். மாடி, பையன் வேலைக்குப் போன பிறகு. நகைச் சீட்டு, பாத்திரச் சீட்டு எல்லாம் இதே கணக்குத்தான். கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தும் என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் பொருந்தாது. செங்கல் ஐந்து மாதம் வாசலில் கிடந்தாலும் செங்கல்தான். கம்ப்யூட்டர் பாகத்துக்கு வாங்கிய நாளிலிருந்தே மூன்று கடிகாரங்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. கடைக்காரர் மாற்றிக் கொடுக்கும் ஏழு நாள் அல்லது பத்து நாள் முதல் கடிகாரம். கம்பெனியின் வாரண்டி இரண்டாவது. இதே விலைக்கு இதைவிட நல்லது சந்தைக்கு வந்துவிடும் காலம் மூன்றாவது. பீரோவில் இருக்கும் போர்டுக்கு மூன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதைவிடப் பெரிய சங்கடம், சிப் இல்லாமல் போர்டைச் சோதிக்க முடியாது. போர்டு இல்லாமல் சிப்பைச் சோதிக்க முடியாது. இரண்டும் இருந்தாலும் ரேம் இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. தனித்தனியாக வாங்கினால் எது நல்லது, எது பழுது என்பது கடைசிப் பாகம் வரும் நாளில்தான் தெரியும். அதற்குள் முதல் பாகத்தின் ஏழு நாள் எப்போதோ முடிந்திருக்கும்.

ஆக, மாதாமாதம் சேர்க்க வேண்டியது பணத்தை, பாகத்தை அல்ல. வாங்குகிற அன்றே ஸ்விட்ச் போட்டுப் பார்க்க முடிகிற அளவுக்குப் பணம் சேர்ந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதை எப்படிச் செய்வது என்பதை அவன் இரண்டாவது முறை செய்ததை வைத்தே சொல்கிறேன்.

முதல் வேலையாக, அக்கா அவனை வங்கிக்கு அழைத்துப் போய்த் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்க வைத்தாள். டியூஷன் பணம் மொத்தமும் அதில் போகும். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாங்க வேண்டியதை மூன்று பங்காகப் பிரித்தோம். ஒவ்வொரு பங்கும் முடிந்த அன்று ஒரு கம்ப்யூட்டர் ஓட வேண்டும், அது எவ்வளவு எளியதாக இருந்தாலும் சரி. இதுதான் நிபந்தனை.

முதல் பங்கு: கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலேயே ஓடும் ஒரு கம்ப்யூட்டர். கேம் கம்ப்யூட்டரில் விலை அதிகமான பாகம், படங்களைத் திரையில் வரைவதற்கென்றே இருக்கும் அந்தத் தனிக் கார்டுதான். ஆனால் சில சிப்களில் அந்த வேலையைச் செய்யும் பகுதி சிறிய அளவில் உள்ளேயே இருக்கிறது. நாங்கள் எடுத்தது 2021ல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி. ஆறு கோர். கடைசியில் இருக்கும் 'ஜி' என்ற எழுத்துதான், உள்ளே கிராஃபிக்ஸ் இருக்கிறது என்பதற்கு அடையாளம். இன்டெல் சிப் வாங்குபவர்கள் 'எஃப்' என்று முடிவதை இந்தக் கட்டத்தில் தவிர்க்க வேண்டும். அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். சில நூறு ரூபாய் மிச்சம் என்று 'எஃப்' வாங்கிவிட்டு, கார்டுக்குப் பணம் சேரும் வரை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும், அதையும் மறைக்கக் கூடாது. 'ஜி' இல்லாத 5600ல் 32 மெகாபைட் கேஷ் நினைவகம், 5600ஜியில் 16தான். பின்னால் கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பிறகு அந்த இன்னொரு சிப் சில கேம்களில் கொஞ்சம் வேகமாக ஓடும். பையன் இதைப் படித்துவிட்டுத் தயங்கினான். "கார்டு வாங்க எத்தனை மாசம் ஆகும்?" என்று கேட்டேன். எண்ணிப் பார்த்து, "எட்டு மாசம்" என்றான். எட்டு மாதம் ஓடும் கம்ப்யூட்டருக்காக அந்தச் சிறிய வேகத்தை விட்டுக்கொடுப்பது நஷ்டம் இல்லை என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

சிப் 11,800 ரூபாய். அதற்கான மதர்போர்டு 8,200. ரேம் 3,400. 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 3,100. ஆக 26,500. கையில் இருந்தது 17,800. இரண்டு மாதம் காத்திருந்தால் போதும்.

ரேம் விஷயத்தில் ஒரு தூண்டுதல் வரும். "இப்போது 8 ஜி.பி. ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று" என்று கடைக்காரரே யோசனை சொல்வார். தனிக் கார்டு இருக்கும் கம்ப்யூட்டரில் இதனால் பெரிய குற்றம் இல்லை. உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள சிப்புக்கு ஆகாது. ஏனென்றால் அதற்குத் தனி நினைவகம் கிடையாது. படம் வரைய அது ரேமைத்தான் பயன்படுத்துகிறது. ஒரே ரேம் என்றால் ஒற்றைவழிச் சாலை. இரண்டு என்றால் இருவழி. கேம் ஓடும் வேகத்தில் இது கண்ணுக்கே தெரியும். அதனால் 8 ஜி.பி. இரண்டாக, ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்கினோம்.

எஸ்.எம்.பி.எஸ். முன்பே வாங்கியிருந்தான். அந்த ஒன்றில் மட்டும் அவன் ஆரம்பத்திலேயே சரியாகச் செய்திருந்தான். கேபினட்டோடு இலவசமாக வரும் பெட்டியின் மேல் 500 வாட் என்று ஒட்டியிருப்பதை நம்பக் கூடாது. 80 பிளஸ் பிரான்ஸ் என்ற முத்திரை, பாதிப் பளுவில் ஓடும்போது வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 85 சதவீதத்தைப் பாகங்களுக்குக் கொடுக்கிறது என்பதற்கான சான்று. அதுவே முழு உத்தரவாதம் ஆகிவிடாது. வாரண்டி எத்தனை வருடம் என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல கம்பெனிகள் ஐந்து வருடம் தருகின்றன. மட்டமான எஸ்.எம்.பி.எஸ். சாகும்போது தனியாகச் சாவதில்லை, கூட இருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு போய்விடும். கோடையில் நாலு தரம் கரண்ட் போய்வரும் ஊர்களில் இதில் மிச்சம் பிடிப்பது வீட்டுக்கு மட்டமான வயரிங் போடுவது போல.

2024 மார்ச் கடைசியில் மறுபடி நேரு பிளேஸ். இந்தத் தடவை கேபினட்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் ஆட்டோவில் கொண்டுபோனோம். "எல்லாவற்றையும் இங்கேயே பூட்டி, ஓட்டிக் காட்டினால்தான் பணம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. இது நியாயமான கோரிக்கை என்பது அவர்களுக்கே தெரியும். பையன் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள சீரியல் நம்பரை பில்லில் எழுத வைத்தான். "பில் வேண்டாம் என்றால் குறைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு குரல் வந்தது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சின்னத் தொகை இல்லைதான். ஆனால் பில் இல்லாத பாகத்துக்கு வாரண்டி கேட்டு எந்த வாசலில் போய் நிற்பது? பட்ட கை, அவன் தலையாட்டி மறுத்துவிட்டான். அரை மணி நேரத்தில் கடைத் திரையில் எழுத்து வந்தது. பையன் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

மானிட்டர் வாங்கப் பணம் இல்லை. வீட்டு டி.வி.யில் ஒயரைச் செருகினான். என் வீட்டுப் பரணில் கிடந்த கீபோர்டைக் கொடுத்தேன். இரவு 9 மணிச் செய்திக்கு டி.வி.யை விட்டுவிட வேண்டும் என்பது அத்தானின் உத்தரவு. இரண்டு மாதம் அந்த ஒப்பந்தம் நடந்தது.

என்ன விளையாடினான்? சந்தையில் புதிதாக வந்த பெரிய கேம்கள் அதில் ஓடாது. ஆனால் பணம் கொடுக்காமலே விளையாடக் கிடைக்கும் வேலரன்ட், டோட்டா 2 போன்றவை தாராளமாக ஓடின. 2015ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜி.டி.ஏ. 5, படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் ஓடியது. ஸ்டீம் கடையில் 2015 நவம்பரிலிருந்து ரூபாயிலேயே விலை போடுகிறார்கள். கோடைத் தள்ளுபடியில் பழைய கேம்கள் ஒரு சினிமா டிக்கெட் விலைக்கும் கீழே கிடைக்கும். புதுப்படத்தை முதல் நாள் பார்க்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது அல்லவா? பத்து வருடமாக வந்து குவிந்திருக்கும் நல்ல கேம்கள் எளிய கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்கின்றன.

இன்னொன்றும் நடந்தது. பையன் அதிலேயே டாலி கணக்கு மென்பொருள் பழகினான். டியூஷன் பிள்ளைகளுக்கு வினாத்தாள் தயாரித்து அச்செடுத்தான். அத்தான் ஒரு நாள் தன் வருமான வரிப் படிவத்தை அதில் போட்டுத் தரச் சொன்னார். கேம் கம்ப்யூட்டர் என்று தனியாக ஒன்று இல்லை, நல்ல கம்ப்யூட்டரில் கேமும் ஓடும் என்பதை அவரிடம் யாரும் வாதாடி நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது பங்கு மானிட்டர். மே மாதக் கடைசியில் 8,300க்கு 24 அங்குலம், புது கீபோர்டும் மவுசும் 1,100க்கு. மானிட்டரை கிராஃபிக்ஸ் கார்டுக்கு முன்பே வாங்கலாமா என்று அவனுக்குச் சந்தேகம். வாங்கலாம். மெதுவாகப் பழசாகும் பொருளை முதலில் வாங்கு, சீக்கிரம் பழசாகும் பொருளைக் கடைசியில் வாங்கு என்பது இந்தச் சந்தையின் எளிய விதி. மானிட்டர், கேபினட், எஸ்.எம்.பி.எஸ். மூன்றும் அடுத்த கம்ப்யூட்டருக்கும் உதவும். கிராஃபிக்ஸ் கார்டு அப்படி இல்லை. அதே பணத்துக்கு மேலான கார்டு வந்துகொண்டே இருக்கும். தவிர, மானிட்டரை அன்றே ஓட்டிப் பார்க்கலாம். பீரோவில் தூங்காது.

மூன்றாவது பங்குதான் அந்தக் கார்டு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நான்கு மாதம் கணக்கில் பணம் ஏறியது. நண்பர்கள் பழைய கார்டு வாங்கச் சொன்னார்கள், பாதி விலை. பழைய கார்டு என்றால் அது எங்கே உழைத்தது என்று கேட்க வேண்டும். 2020, 2021ல் உலகம் முழுவதும் கார்டுகள் கிடைக்காமல் போனதற்கு ஒரு காரணம், எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை 'வெட்டி' எடுக்க அவற்றை மொத்தமாக வாங்கி இரவு பகலாக ஓட்டியதுதான். 2022 செப்டம்பர் 15ல் எதீரியம் முறையை மாற்றிக்கொண்டது. கார்டுகள் தேவையில்லாமல் போயின. அப்படி உழைத்துக் களைத்த கார்டுகள் பிறகு பழைய சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் மாதம் 5,000 சம்பாதிப்பவன் வாரண்டி இல்லாத பொருளில் நான்கு மாத உழைப்பைப் போடுவது சூதாட்டம்.

2024 அக்டோபர் முதல் வாரத்தில், தீபாவளிக்கு முன்பு, 20,500 ரூபாய்க்கு 8 ஜி.பி. ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 வாங்கினான். புதியது, பில்லோடு, மூன்று வருட வாரண்டி. அது கேட்கும் மின்சாரம் 132 வாட். சிப்புக்கு 65. மற்றவற்றையும் கூட்டினாலும், ஒரு வருடம் முன்பு வாங்கிய 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அது பெரிய பாரம் இல்லை. கார்டைச் செருகி ஒரு ஒயரை மாட்டினோம்; பத்து நிமிட வேலை. அன்று இரவு அவன் தூங்கவில்லை என்று அக்கா புகார் சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

கணக்குப் பார்ப்போம். பதினைந்து மாதம், 75,000 ரூபாய் வருமானம். ஓடும் கம்ப்யூட்டரின் விலை 64,200. வீணாய்ப் போன போர்டு 9,400. ரிப்பேர்க்காரருக்கும் ஆட்டோவுக்கும் அவனை நான் செலவு செய்ய விடவில்லை. கணக்கில் மிச்சம் 1,400. அந்த 9,400 போகாமல் இருந்திருந்தால் இரண்டு மாதம் முன்பே முடிந்திருக்கும்.

இங்கே வாசகர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "பணமாகவே வைத்துக் காத்திருந்தால் விலை ஏறிவிடாதா?" நியாயமான கேள்வி. கம்ப்யூட்டர் பாகங்களின் விலை நாளுக்கு நாள் குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அவ்வப்போது ஏறும், அதுவும் யாரும் எதிர்பாராத காரணத்துக்கு. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில், சிப்களைப் பொதியும் பிசினைத் தயாரித்த தொழிற்சாலையில் தீப்பிடித்தது. நேரு பிளேஸ் வரை ரேம் விலை எகிறியது. 1999 செப்டம்பரில் தைவான் நிலநடுக்கம், மறுபடி ரேம். 2011ல் தாய்லாந்து வெள்ளம், ஹார்டு டிஸ்க். 2020, 2021ல் கிராஃபிக்ஸ் கார்டு. 2025 கடைசியில் மீண்டும் ரேம். இந்த முறை தீயும் இல்லை, வெள்ளமும் இல்லை. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கு வேண்டிய விலை உயர்ந்த நினைவகச் சிப்களைச் செய்வதில் தயாரிப்பாளர்கள் இறங்கிவிட்டார்கள். மைக்ரான் கம்பெனி, 'குரூஷியல்' என்ற பெயரில் கடைகளில் விற்றுவந்த ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

எங்கள் நோட்டுப் புத்தகத்திலும் இதற்கு ஒரு வடு உண்டு. "ரேமை 32 ஜி.பி. ஆக்க வேண்டும். விலை குறையட்டும்" என்று 2024ல் எழுதி வைத்திருந்தோம். 3,400க்கு வாங்கிய அதே ஜோடிக்கு 2025 டிசம்பரில் கடைக்காரர் இரண்டு மடங்குக்கும் மேல் சொன்னார். வாங்கவில்லை. 16லேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் ரேமை மட்டும் முதலிலேயே வாங்கி வைத்திருக்கலாமா? கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்த பிறகு என்றால் தாராளமாக வாங்கியிருக்கலாம். அன்றே போட்டுச் சோதித்திருக்கலாம். வித்தியாசம் அதுதான். ஓடும் கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தால், விலை இறங்கும்போது எந்தப் பாகத்தையும் வாங்கிச் செருகிப் பார்க்கலாம். விலை ஏறினால் வாங்காமலும் இருக்கலாம், இருப்பது ஓடிக்கொண்டிருக்கும். கேபினட்டும் கனவும் மட்டும் இருப்பவன், விலை ஏறினாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். எளியதாக ஒன்றை முதலில் ஓட வைப்பது கைக்குக் கொஞ்சம் சுதந்திரம் தருகிறது.

இன்னொரு வழியும் உண்டே, மாதத் தவணை? "வட்டியில்லா இ.எம்.ஐ." என்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி எங்கேயோ ஒளிந்திருக்கும், பெரும்பாலும் நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடியில். அதற்கு மேல் வட்டித் தொகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., சேவைக் கட்டணம். நிரந்தரச் சம்பளக்காரருக்கு இது தாங்கும். டியூஷன் பணம் அப்படியா? ஒரு பிள்ளையின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தால் 800 ரூபாய் போயிற்று. சேமிப்பவனுக்கு வருமானம் குறைந்தால் கம்ப்யூட்டர் ஒரு மாதம் தள்ளிப்போகும். தவணை கட்டுபவனுக்கு வீட்டுக்கு போன் வரும்.

மாடல் எண்களை இதிலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டாம். நீங்கள் வாங்கப் போகும் நாளில் வேறு எண்கள் இருக்கும், வேறு விலை இருக்கும். வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள். முதலில் தனிக் கணக்கு. பிறகு, கார்டு இல்லாமலே ஓடும் ஒரு கம்ப்யூட்டர், மொத்தமாக ஒரே நாளில், கடையிலேயே ஓட்டிப் பார்த்து. பிறகு மானிட்டர். கடைசியில் கார்டு. எதையும் பீரோவில் வைக்காதீர்கள்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையனிடம் டியூஷன் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பிறந்தநாளுக்குக் கிடைத்த 3,000 ரூபாயோடு வந்து, "அண்ணா, இதுக்கு எந்தப் பாகம் முதல்ல வாங்கலாம்?" என்று கேட்டானாம். இவன் அவனை உட்கார வைத்து, அலமாரியிலிருந்து அந்தப் பழைய போர்டை எடுத்து, மூடியைத் திறந்து, ரிப்பேர்க்காரர் நிமிர்த்திய இரண்டு ஊசிகளைக் காட்டியிருக்கிறான். பணத்தை அவன் அம்மாவிடம் கொடுத்து வங்கியில் போடச் சொல்லியிருக்கிறான்.

அவனுடைய கணக்கு என்ன ஆயிற்று என்று அத்தானைக் கேட்டேன். கார்டு வாங்கிய மாதமே மூடிவிடுவான் என்று நினைத்திருந்தேன். மூடவில்லையாம். பி.காம். முடித்து இப்போது ஒரு ஆடிட்டரிடம் வேலை பழகுகிறான். மாதம் 5,000 இன்னமும் அதில் ஏறிக்கொண்டிருக்கிறது. "இப்போ எதுக்குன்னு கேட்டேன். தெரியலைப்பா, இருக்கட்டும்னான்" என்றார் அத்தான்.